தனியா இருந்து எழுதி விளையாடுற ஆர்பிஜி: தமிழில எழுதினா கட்டுரை மாதிரி வருது, என்ன செய்யலாம்?

கொப்பிக்காரி:

வணக்கம், கோப்பாயில இருந்து எழுதுறன். கொஞ்சம் நீளமா வரப்போகுது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் அஞ்சு பேர் 2022இல கரண்ட் கட் உச்சத்தில நிக்கேக்கதான் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் விளையாடத் தொடங்கினனாங்கள், ஆளுக்கொரு கதாபாத்திரமா இருந்து கதைய நடத்துற ஆர்பிஜி அது. பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, வேற செய்ய ஒண்டுமில்லை, மெழுகுதிரியச் சுத்தி இருந்து தாயக்கட்டைய உருட்டிப்போட்டு என்ன விழுந்ததெண்டு குனிஞ்சு பாக்கிறது. அந்த ஆக்களில ரண்டு பேர் இப்ப கனடா, ஒருத்தி கொழும்பு, மற்றவளுக்குக் கைக்குழந்தை. ஒன்லைனில சேருவமெண்டு மூண்டு தரம் நாள் குறிச்சம், மூண்டு தரமும் சரிவரேல்லை. ஒருத்தரிலயும் கோவமில்லை, ஆனா எனக்கு அந்த விளையாட்டு வேணும், விட மனமில்லை.

அப்பிடித் தேடேக்கதான் தனி ஆள் எழுதி விளையாடுற கேம்ஸ் இருக்கெண்டு தெரிஞ்சுது. இப்ப கையில இருக்கிறது தவுசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர், ரிம் ஹட்சிங்ஸ் செய்தது. வாம்பயர் நூற்றாண்டு நூற்றாண்டாச் சாகாமல் இருக்கு, ஆனா அதின்ர மண்டைக்குள்ள அஞ்சே அஞ்சு ஞாபகத்துக்குத்தான் இடம், ஒவ்வொரு ஞாபகத்துக்குள்ளயும் மூண்டு அனுபவம். ஆறாவது வந்தா ஒண்ட வெட்டவேணும், இல்லாட்டி டயறிக்கு மாத்தவேணும், டயறியிலயும் நாலுதான் கொள்ளும், டயறி துலைஞ்சா நாலும் போச்சு. பத்துப் பக்கக் கட்டையில விழுந்ததில இருந்து ஆறு பக்கக் கட்டையில விழுந்ததைக் கழிச்சு, புத்தகத்தில அந்தளவு முன்னுக்கோ பின்னுக்கோ போய் அங்க இருக்கிற ப்ரொம்ப்ட்டுக்கு, அதாவது கேம் கேக்கிற கேள்விக்கு, மறுமொழி எழுதவேணும். விதிய வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை, அவ்வளவு பிடிச்சுப்போச்சு.

பிரச்சினை என்னெண்டால், புதுசா ஒரு சிஆர் கொப்பி வாங்கி முதல் பக்கத்தத் திறந்தா கை ஓடுதில்லை. இங்கிலீஷில எழுதினா ஆரோ எழுதின மாதிரி இருக்கு. தமிழில எழுதினா "கதிரவன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தான்" எண்டு ஸ்கொலர்சிப் வகுப்புக் கட்டுரை வருது, அந்த வாம்பயருக்கு உயிரே வருதில்லை. கதைக்கிற மாதிரியே எழுதினாப் பிழையோ? நீங்கள் எப்பிடிச் செய்யிறனீங்கள்? அதோட பத்துப் பக்கக் கட்டை ரவுணில தேடி அலுத்துப்போனன், அதுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.

பூவரசு:

தங்கச்சி, முதல்ல கட்டை விசயத்த முடிப்பம், அது லேசு. வீட்டில 304 அடிக்கிற காட்ஸ் இருக்கும்தானே. 304க்கு ஏழில இருந்து ஏஸ் வரைக்கும் 32 காட்ஸ்தான் தேவை, ரண்டில இருந்து ஆறு வரைக்கும் உள்ளத நாங்கள் கணக்கு வைக்க எண்டு ஒதுக்கிப்போடுவம். அதையும் தேடி எடுத்து ஒரே இனத்தில ஏஸில இருந்து பத்து வரைக்கும் பத்துக் காட்ஸ் சேருங்கோ, குலைச்சு ஒண்டு இழுத்தா அதுதான் பத்துப் பக்கக் கட்டை. ஒவ்வொரு தரமும் இழுத்தத திருப்பி வைச்சுக் குலைக்கோணும், அத மறந்திடாதேங்கோ. ஆறு பக்கத்துக்கு லூடோக் கட்டை போதும், அதுவும் இல்லையெண்டால் ஆறு மூலைப் பென்சிலில கத்தியால கோடு கீறி உருட்டலாம், நான் கம்பஸில படிக்கேக்க அப்பிடித்தான்.

இனி எழுத்து விசயம். எழுத வரேல்லையெண்டால் எழுதாதேங்கோ, கதையுங்கோ. நான் சொல்லுறது த ரெச்சட் எண்ட கேம், கிறிஸ் பிஸெற் 2020இல வெளியிட்டது. விண்வெளியில பழுதாப்போன கப்பல், மிஞ்சினது நீங்கள் ஒராள், வெளியில ஒரு ஜந்து சுத்திக்கொண்டு நிக்குது. ஒவ்வொரு நாளும் கட்டைய உருட்டி விழுந்த எண்ணிக்கைக்குக் காட்ஸ் எடுக்கிறது, சில காட்ஸுக்கு மரத்துண்டுகள அடுக்கின ஜெங்கா கோபுரத்தில இருந்து ஒரு துண்ட உருவவேணும், கோபுரம் விழுந்தா நீங்கள் செத்தீங்கள். அண்டைய நாள் முடிய நடந்ததைக் கப்பல் லொக் மாதிரி வாயால சொல்லிப் பதியவேணும். எழுத்தே தேவையில்லை. வாயால சொல்லேக்க ஆருக்கும் கதிரவன் மேற்கே சாயிறதில்லை.

ஜெங்கா வாங்கக் காசு கூட எண்டு, தச்சு வேலை செய்யிற எங்கட மாமாவிட்ட பூவரசங் கட்டையில 54 துண்டு அறுவிச்சனான். அகலத்தின்ர மூண்டு மடங்கு நீளமா இருக்கோணும், அப்பதான் மூண்ட அடுக்க சதுரமா வரும். அரத்தாள் போட்டு வடிவாத் தேச்சது, எண்டாலும் மாரி காலத்தில மரம் ஊதிப்போய் இறுகுது, அந்த மாசங்களில உருவிறது சரியான கஷ்டம், விளையாட்டே வேற மாதிரி ஆகிடும்.

விதிப்படி காட்ஸ் எல்லாம் முடிச்சுப்போட்டுத்தான் பதியிறது. நான் தொடக்கத்தில இருந்தே போன் ரெக்கோடர ஓட விடுறனான். ஒருக்கா ஒன்பதாம் நாள் கோபுரம் விழுந்த சத்தம் அந்தப் பதிவுக்கையே இருக்கு, அதுக்குப் பிறகு நான் ஒரு சொல்லும் கதைக்கேல்லை, ஒரு நிமிசம் மட்டில தெருவில நாய் குலைக்கிறது மட்டும் கேக்குது. அத நான் இன்னும் அழிக்கேல்லை.

கிடுகு:

பூவரசு அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். வாம்பயர முதல் கேமா எடுக்கவேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன், அது மனசுக்குப் பாரமான கேம், வெறும் பக்கத்தப் பாத்துப் பயப்பிடுற ஆளுக்கு இன்னும் பாரம். அயர்ன்ஸ்வோர்ன் எடுத்துப் பாருங்கோ, ஷோன் ரொம்கின் 2018இல விட்டது, பிடிஎஃப் சும்மாவே கிடைக்குது. ஆறு பக்கக் கட்டையில விழுந்ததோட உங்கட பலத்தக் கூட்டி ரண்டு பத்துப் பக்கக் கட்டையோட ஒப்பிடுறது, ரண்டையும் வெண்டா முழு வெற்றி, ஒண்ட மட்டும் வெண்டா ஏதோ ஒண்டு குடுத்துத்தான் வெற்றி, ரண்டிலயும் தோத்தா வில்லங்கம். அந்த நடு முடிவுதான் கதைய ஓட வைக்குது, நீங்கள் இருந்து யோசிக்கத் தேவையில்லை.

அதில கதாபாத்திரம் இரும்பில கை வைச்சுச் சத்தியம் பண்ணித்தான் பயணம் தொடங்கும். நான் அத கற்பூரம் அணைச்சுச் சத்தியம் எண்டு மாத்தினனான், மாத்தின உடன சத்தியத்த முறிக்கவே எனக்குக் கை வரேல்லை, அந்த ஒரு சத்தியத்துக்காக ஆறு மாசம் விளையாடினனான்.

மற்றது காசு. இட்ச் ஐஓ எண்ட இணையத்தளத்தில கன கேம்ஸ் விரும்பினதக் குடுத்து எடுக்கலாம், கன பேர் காசு குடுக்க வசதியில்லாதவைக்கெண்டு சும்மா எடுக்கக்கூடிய பிரதியளும் ஒதுக்கி வைக்கினம். எங்களுக்காகத்தான் வைச்சிருக்கினம், வெக்கப்படாமல் எடுங்கோ, பிறகு கையில காசு வரேக்க அவையின்ர அடுத்த கேம வாங்குங்கோ.

தென்மராட்சியான்:

பிள்ளை, எனக்கு அம்பது தாண்டிட்டுது, மகன் காட்டித்தான் இந்த வாம்பயர் விளையாட்டுக்கை வந்தனான். பாரம் எண்டு மேல எழுதினவர் சொன்னது சரி, ஆனா அதுக்காக உம்மை விடச் சொல்ல மாட்டன்.

எனக்கும் முதல்ல ஓடேல்லை. பல்லு நீண்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் மாளிகையில இருக்கிறான், அவனைப் பற்றி நான் என்னத்த எழுதிறது? பிறகு யோசிச்சன், சாகாமல் இருக்கிறது எங்கட ஊரில ஆர்? முனி. மத்தியானத்தில புளியமரத்தடிக்குப் போகாத முனி அடிச்சுப்போடும் எண்டு அப்பாச்சி சொன்னவ எல்லே, அந்த முனி. யாழ்ப்பாணக் கோட்டை தெரியிற ஒரு மரத்தில முனிய இருத்தினன். 1619இல பறங்கி வந்து ராச்சியத்தப் பிடிச்சத அது பாத்திட்டு இருந்தது, அதுதான் முதல் ஞாபகம். 1658இல ஒல்லாந்தன் வந்தான், கோட்டைய ஐஞ்சு மூலையா எடுப்பிச்சான், காணிக் கணக்கெல்லாம் தோம்பில பதிஞ்சான், முனியின்ர மரம் நிண்ட காணியும் ஆற்றையோ பேரில விழுந்தது. 1795இல இங்கிலீசுக்காரன். டயறிக்குப் பதிலா ஓலைச்சுவடிக் கட்டு ஒண்டு குடுத்தன், ஒரு ப்ரொம்ப்ட்டில டயறிய இழக்கவேண்டி வந்தது, கறையான் அரிச்சுப்போட்டுது எண்டு எழுதினன். அந்த ஒரு வரி எழுத எனக்கு ஒரு பின்னேரம் பிடிச்சது.

நான் எழுதினது முழுக்க அப்பாச்சி கதைக்கிற தமிழ். முனி பாடசாலைக்குப் போகேல்லை, அது எழுத்துத் தமிழில நினைக்காது. உம்மட ஆள் எப்பிடிக் கதைப்பாரோ அப்பிடி எழுதும், அதில பிழை ஒண்டுமில்லை.

ஒண்டு மட்டும் முன்கூட்டியே சொல்லவேணும். இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தாப்போல நான் நிப்பாட்டிப்போட்டன். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்த விட்டு நாவற்குழிப் பாலத்தால நடந்தவங்களில நானும் ஒராள், எங்கட வீட்டு அல்பம் ஒண்டும் பிறகு கிடைக்கேல்லை. ஒரு ஞாபகத்த வெட்டு எண்டு விளையாட்டு சொல்லேக்க முனியின்ர ஞாபகத்தத்தான் வெட்டச் சொல்லுது, எண்டாலும் பேனை போகேல்லை. கூட்டமா விளையாடுற ஆக்கள் மேசையில எக்ஸ் காட் எண்டு ஒண்டு வைக்கினம், பிடிக்காத இடம் வந்தா அதத் தொட்டா போதும், ஒருத்தரும் ஏனெண்டு கேக்காயினம், அந்த இடத்த விட்டிட்டுப் போவினம். தனியா விளையாடேக்கையும் அத வைச்சிரும். நான் கொப்பியில அந்தப் பக்கத்த மடிச்சுவிட்டு ரண்டு மாசம் கழிச்சுத்தான் திரும்பத் தொட்டனான், தொட்டாப்போலயும் அந்த ப்ரொம்ப்ட்ட விட்டிட்டு அடுத்ததுக்குத்தான் போனனான். அதுக்காக ஆரும் வந்து கணக்குக் கேக்கப் போறதில்லை.

இன்னொண்டு, வெட்டுற ஞாபகத்த ஒற்றைக் கோட்டாலதான் வெட்டிறனான். கீழ இருக்கிற எழுத்துத் தெரியவேணும்.

வாடைக்காத்து:

தென்மராட்சியான் அண்ணை எழுதினத ரண்டு தரம் வாசிச்சன்.

நான் வேற பக்கத்தால வாறன். தனியா விளையாடுறது எனக்கும் விருப்பம்தான், ஆனா வீட்டில ஒராள் இருந்தா அவையையும் இழுக்கலாம் எண்டதச் சொல்லத்தான் வந்தனான். ஏவரி ஓல்டர் செய்த த குவைட் இயர், 2013இல வந்தது. ஒரு வெள்ளைப் பேப்பர், 52 காட்ஸ், ஒரு காட்ஸுக்கு ஒரு கிழமை, நாலு இனத்துக்கும் நாலு பருவம், ஒருத்தருக்கும் தனிக் கதாபாத்திரம் இல்லை, ஊர்தான் கதாபாத்திரம், ஊரின்ர மப்ப எல்லாரும் சேர்ந்து கீறவேணும். ரண்டு பேர் காணும். நான் அம்மாவோட விளையாடினனான், அம்மா நெடுந்தீவு ஆள்.

இளவேனில் இலையுதிர் எண்டு கேமில இருக்கிறது எங்களுக்கு ஒட்டாது. ஹார்ட்ஸ தையும் மாசியும் ஆக்கினம், பட்டம் ஏத்திற காலம். டயமன்ட் சித்திரை வெய்யில். கிளாவர் சோளகம், நல்லூர்த் திருவிழா 25 நாளும் அதுக்கை. இஸ்பேட் மாரி. அம்மா முதல் கீறினது கல்லு வேலி, அதுக்குப் பிறகு நல்ல தண்ணிக் கிணறு ஒண்டு, "கிணறு இல்லாமல் ஊர் எங்க இருக்கும்" எண்டா. ஆறாம் கிழமை எண்டு நினைக்கிறன், காட்ஸ் கேட்டதுக்கு அம்மா அந்தக் கிணத்த உப்பாக்கினா, நான் வேண்டாமெண்டு சொல்லியும் கேக்கேல்லை, "அப்பிடித்தான் நடக்கும்" எண்டு சொல்லிப்போட்டு நீலப் பென்சிலால நிரப்பின கிணத்துக்கு மேல சாம்பல் நிறம் தேச்சா. எனக்கு உண்மையாவே அழுகை வந்தது.

இஸ்பேட் ராசா வர கேம் முடியும், உறைபனி இடையர் எண்டு ஆக்கள் வருவினம், அவை ஆரெண்டு புத்தகம் சொல்லாது. நாங்கள் தெரியாத கப்பல் ஒண்டு இறங்குதுறைக்கு வந்து நிக்குது எண்டு வைச்சம். அந்த மப்ப அம்மா குசினிச் சுவரில ஒட்டி வைச்சிருக்கிறா.

கொப்பிக்காரி:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதவேணும் எண்டுதான் நினைச்சனான், ஆனா நேற்று நடந்தத முதல்ல சொல்லிவிடுறன்.

கிடுகு, அயர்ன்ஸ்வோர்ன் இறக்கி வைச்சிருக்கிறன், பிறகு கட்டாயம். வாம்பயர மட்டும் விட முடியேல்லை. 304 காட்ஸில ஹார்ட்ஸ் நாலு எங்கயோ துலைஞ்சுபோச்சு, அதால கிளாவர் பத்து எடுத்தன். தென்மராட்சியான் அண்ணை, உங்கட முனிய எடுக்கேல்லை, அது உங்களுக்குத்தான் சொந்தம். என்ர ஆள் ஒரு பொம்பிளை, ஒல்லாந்தர் காலத்தில கோப்பாய்ப் பக்கம் தோட்டத்துக்குத் துலா மிதிச்சவ. பேர் மட்டும் வரேல்லை.

பூவரசு அண்ணை சொன்ன மாதிரி போனை முத்தத்துக் கதிரையில வைச்சிட்டுக் கதைக்கத் தொடங்கினன். முதல் ரண்டு நிமிசம் இழுபட்டுது, பிறகு "துலாவில ஏறினா அம்மன் கோயில் கொடி தெரியும், ஆனா நான் கீழ பாத்துத்தான் நடப்பன், வழுக்கினாச் சரி" எண்டு அவவே கதைக்கத் தொடங்கிட்டா. அதக் கேட்டுக் கேட்டு அப்பிடியே கொப்பியில இறக்கினன், ஒரு சொல்லும் திருத்தேல்லை, நாலு பக்கம்.

இடையில அம்மா வந்து ஆரோட கதைக்கிறாய் எண்டு கேட்டவ. சொன்னன். கொஞ்ச நேரம் நிண்டு கேட்டிட்டு, "அந்தக் காலத்து ஆள் எண்டால் பேர் சின்னாச்சி எண்டு வை" எண்டா. அப்பதான் பேர் வந்தது.

இண்டைக்குப் பின்னேரம் ஆறாவது ஞாபகம் வந்திட்டுது, ஒண்ட வெட்டோணும். கிணத்தடி ஞாபகத்தத்தான் வெட்ட இருந்தன், அம்மா விடேல்லை. டயறிக்கு மாத்தியிருக்கிறன், இன்னும் மூண்டு இடம் மிச்சம்.