களி டப்பாவை ஒளித்துத் தின்ற கதை உங்களிடமும் இருக்கிறதா?

லத்தேரிக்காரி:
நேற்று காட்பாடியில் ஒரு ஓட்டலில் என் பெண் கேழ்வரகுக் களி கேட்டு வாங்கினாள். எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை, 90 ரூபாய். படம் எடுத்துவிட்டுத்தான் தொட்டாள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

1988, ஒன்பதாம் வகுப்பு. லத்தேரி பக்கத்திலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன். அம்மா களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் கட்டிக் கொடுத்தாள். முதல் நாள் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவள், "இன்னாடி இது, சாணி உருண்டையா?" என்றாள். நான் அசராமல், "எங்க மாட்டுக்கு. மாத்தி எடுத்துனு வந்துட்டேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அன்று பட்டினி. சாயங்காலம் பஸ் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது உருண்டையை ஜன்னல் வழியே விட்டெறிந்தேன். ஆற்றில் தண்ணீரா இருந்தது? மணல்தான்.

வீட்டில் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். பருக்கை இல்லை. "பசிக்குது போல புள்ளைக்கு" என்று மறுநாள் ரெண்டு உருண்டை வைத்தாள்.

ஆற்காட்டான்:
என்னுடையது களி இல்லை, இலை. 1996-இல் ஆம்பூரில் வேலை. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், முஸ்லிம், ஒருநாள் ஆற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் சைவம். பாட்டி அவருக்குத் திண்ணையில் இலை போட்டாள். எனக்கு உள்ளே. நான் எதுவும் பேசவில்லை, உள்ளே போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டதும் அவரே இலையை மடித்து எடுத்துக்கொண்டு, "எங்க போடணும் பாட்டி?" என்றார். அவர் போனபிறகு திண்ணையில் தண்ணீர் விட்டுக் கழுவினாள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஈரம் காயவில்லை.

ரெண்டு மாதம் கழித்து அவர் தங்கை கல்யாணம். பிரியாணி தேக்சா மூடிமேல் இருந்த நெருப்பைத் தள்ளித் தம் உடைத்ததும் பாஸ்மதி மணம் தெருவுக்கே வந்தது. அங்கே எனக்கென்று புதுச் சட்டி வாங்கி, தனியாகத் தக்காளிச் சோறு செய்து வைத்திருந்தார்கள். அவருடைய அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினார். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

சீரகசம்பா:
ஆம்பூர் பிரியாணியில் பாஸ்மதியா? ஐயா, ஆம்பூர் கல்யாணத்தில் பாஸ்மதி போட்டால் மாப்பிள்ளையே எழுந்து போய்விடுவார். சீரக சம்பா. வற்றல் மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. தொட்டுக்கொள்ளப் புளிப்பாகக் கத்தரிக்காய், கூடவே தால்சா. ஆற்காட்டு நவாப் வீட்டுச் சமையல்காரர்கள் கொண்டு வந்தது என்பார்கள். நவாப் ஆட்சி 1801-இல் கம்பெனிக்காரன் கைக்குப் போனது, அதிகாரம் போனாலும் அடுப்பு அணையவில்லை. முதலில் அரிசியைச் சரியாகச் சொல்லுங்கள், அப்புறம் கதையை நம்புகிறேன்.

என் கதை சின்னது. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி காலங்காலமாக விற்கிறது, எல்லாருக்கும் தெரியும். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகமே ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது அதற்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். அந்த வாரம் மதியம் நான் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, பத்து வருஷமாக என் பொட்டலத்தில் பங்கு கேட்டவர் முதல்முறையாக, "இது என்ன பிரியாணி?" என்றார். அதிலிருந்து யாரும் கேட்கும் முன்பே நானே சொல்லிவிடுகிறேன். ஏன் சொல்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல்.

ஆற்காட்டான்:
சரி, சீரக சம்பா. நான் சாப்பிடாதவன், மணத்தை வைத்துச் சொன்னேன். தக்காளிச் சோறு எந்த அரிசி என்று கேட்காதீர்கள்.

துடுப்பு:
லத்தேரிக்காரி அம்மா, தவறு உங்கள்மேல் இல்லை, டப்பாமேல். களியை டப்பாவில் அடைத்தால் ஆறி இறுகிவிடும், சாணி என்றுதான் சொல்வார்கள். இனிமேலாவது இப்படிச் செய்யுங்கள். ஒரு கை நொய்யை நன்றாகக் குழைய வேகவிட வேண்டும். அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி வைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி தட்டும். மாவு வெந்த வாசனை வந்தபிறகு சட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்ட வேண்டும். ஈரக்கையால் உருட்டி, நடுவில் குழி பண்ணி, அதில் குழம்பு. விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் களிதானே என்று மூன்று உருண்டை தின்னாதீர்கள், அளவு முக்கியம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் தேடினாலும் கிடைக்காது.

இதை ஏழைச் சாப்பாடு என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், இல்லாவிட்டால் காய்ச்சல். 1967 தேர்தலில் ரூபாய்க்கு அரிசி, "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று கேட்டதும் எங்கள் தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாராம். 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011-இல் இலவசம். எங்கள் வீட்டுத் துடுப்பு பரணுக்குப் போனது. என் அனுபவம் இவ்வளவுதான்: சர்க்கரை வந்தபிறகு அதை இறக்கினேன், கரையான் அரித்திருந்தது.

தோட்டப்பாளையம்:
எங்களுக்கு வேலூரில் மளிகைக் கடை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கம். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜிலேயே ஸ்டவ் வாடகைக்கு எடுத்துச் சமைப்பார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்த புதிதில் ஒரு பாட்டி கடுகு எண்ணெய் கேட்டார். "சாமி விளக்குக்கா?" என்றேன். புரியவில்லை, கையால் மீன் துள்ளுகிற மாதிரி காட்டினார். நான் மூக்கைப் பிடித்துக் காட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ரெண்டு நாள் கழித்து அவர் பையன் மட்டும் வந்து கடன் பாக்கியைக் கொடுத்தான், மொட்டைத் தலையுடன். இன்றைக்கு எங்கள் கடையில் அந்த எண்ணெய்தான் அதிகம் போகிறது. அந்தத் தகரத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் மூக்கைப் பிடித்ததுதான் ஞாபகம் வருகிறது.

போளூர் டீக்கடை:
எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். திண்ணை என்றதும் எழுதுகிறேன். எங்கள் அப்பா டீக்கடை. உள்ளே கண்ணாடி கிளாஸ். வெளியே கூரைக் கம்பத்தில் ஆணி, அதில் ரெண்டு அலுமினிய டம்ளர். யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. குடித்தவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போவார்கள். தீண்டாமையைக் குற்றமாக்கி 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் கடைக்கு 1974-லும் வந்து சேரவில்லை.

எனக்குப் பத்து வயது. அப்பா பால் எடுக்கப் போயிருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர், எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர், வந்து நின்றார். ஞாபகமில்லாமல் கண்ணாடி கிளாஸில் ஊற்றி நீட்டிவிட்டேன். அவர் கை பாதி வந்து நின்றது. தெருவை ரெண்டு பக்கமும் பார்த்தார். "சின்னவரே, அதுல வேணாம். அப்பா உன்ன அடிப்பாரு" என்று ஆணியிலிருந்து டம்ளரை எடுத்து நீட்டினார். நான் மாற்றி ஊற்றினேன். கை படாமல், உயரத்திலிருந்து. அப்படி ஊற்ற எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

துடுப்பு:
டீ அதிகம் குடிப்பதே தவறு. கேழ்வரகுக் கூழ் குடியுங்கள்.

சீரகசம்பா:
துடுப்பு ஐயா, அவர் என்ன எழுதியிருக்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கொஞ்சம் சும்மா இருங்கள்.

லத்தேரிக்காரி அம்மா, ஒன்று கேட்க வேண்டும். மறுநாள் அந்த ரெண்டு உருண்டையை என்ன செய்தீர்கள்?

லத்தேரிக்காரி:
பாலாற்றில்தான். அந்த வாரம் பூரா. நாலாம் நாள் கண்டக்டர் பின்னால் வந்து நின்று, "இன்னாமா, தெனமும் ஆத்துக்குப் படையல் போடறியே, யாருக்கு?" என்றார். டப்பா மூடியைத் தேடுகிற மாதிரி சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.