சிறிய நிலக்காட்சி அச்சுகளின் மேல் நீர்வண்ணம் பூசும்போது மை கலங்குகிறது

கேள்வி:
வணக்கம். அஞ்சலட்டை அளவில், ஏறத்தாழ 10 × 15 செ.மீ., மோனோடைப் முறையில் நிலக்காட்சிகளை அச்சிட்டு வருகிறேன். பிளாஸ்டிக் தகட்டில் ரோலரால் நீரில் கரையும் மையைப் பரப்பி, வானமும் நீர்நிலையும் வரவேண்டிய இடங்களைத் துணியால் துடைத்தெடுத்து, தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்க்கிறேன். அச்சு இயந்திரம் என்னிடம் இல்லை. அச்சு நன்றாகவே விழுகிறது. ஆனால் காய்ந்த பிறகு நீர்வண்ணம் தொட்டவுடன் மலையின் விளிம்பு கரைந்து சேறாகிவிடுகிறது. மெல்லிய தாள் துண்டுகளை ஒட்டினாலோ அட்டை முழுவதும் வளைகிறது. போதாததற்கு, பாஸ்டலும் (சாக்கட்டி போன்ற வண்ணக்குச்சி) சேர்த்தால் அந்தச் சிறிய பரப்பில் மூச்சுவிட இடமில்லாமல் போகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
முதல் சிக்கலுக்குக் காரணம் மைதான். கோந்தைப் பிணைப்பாகக் கொண்ட மை காய்ந்த பின்னும் நீரில் கரையும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அந்தக் குணம் மாறாது. எண்ணெய் மைக்கு மாறுங்கள். அது காற்றோடு வினைபுரிந்து இறுகுவதால், காய்ந்ததும் நீரைத் தள்ளும். நீங்கள் பூசும் நீர்வண்ணம் மை இல்லாத இடங்களில் தானாகவே தங்கிவிடும். சோப்பு நீரால் கழுவக்கூடிய எண்ணெய் மைகளும் கிடைக்கின்றன; இறுகிய பின் அவையும் நீருக்குக் கரையா. பொறுமை மட்டும் வேண்டும்: மைப்படலத்தின் தடிமனைப் பொறுத்துச் சில நாட்களோ அதற்கு மேலோ ஆகலாம். ஈரப் பஞ்சால் ஓர் ஓரத்தை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் கறை ஏறாவிட்டால் வண்ணம் பூசலாம்.

இருக்கும் மையையே பயன்படுத்த விரும்பினால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் நீர்வண்ணத்தால் வானத்தைப் பூசி, முற்றிலும் காய்ந்த பின் அதன் மேல் அச்சிடுங்கள்.

பதில் 2:
வளைவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஈரமானால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும்; ஒட்டப்படும் துண்டும் அடித்தாளும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால்தான் வளைவு வருகிறது. இரண்டின் இழை ஓட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். கோதுமை ஸ்டார்ச் பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டி, மை ஒற்றும் தாள்களுக்கு இடையே வைத்து, பலகையும் கனமும் ஏற்றி, ஒற்றும் தாள்களை மாற்றிக்கொண்டே ஒரு நாள் விடுங்கள்.

சீன் கோலே முறையில் பசை தடவிய மெல்லிய தாள் அச்சேறும்போதே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு இயந்திரத்தின் அழுத்தம் தேவை. கரண்டியால் தேய்ப்பவர் முதலில் ஒட்டி, உலர்த்தி, பிறகு அச்சிடுவதே பாதுகாப்பு. இன்னொன்று: கையால் தேய்க்கும்போது தடித்த தாளைவிட மெல்லிய, உறுதியான ஜப்பானியத் தாள் மையை நன்றாக ஏற்கும். அதைப் பின்னர் தடித்த அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம்.

பதில் 3:
மேலே இருவரும் சொன்னவை சரியே. எனினும் பாஸ்டல் சேர்த்தால் இடம் நெரிகிறது என்ற உங்கள் மூன்றாவது கேள்விதான் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. பிரெஞ்சு ஓவியர் டெகா 1890களின் தொடக்கத்தில் எண்ணெய் வண்ணத்தால் நிலக்காட்சி மோனோடைப்புகளை எடுத்து, அவற்றில் பலவற்றின் மேல் பாஸ்டல் சேர்த்தார். அவற்றுள் பலவற்றில் ஒரு சரிவு, ஒரு மங்கல், அவ்வளவுதான். மரத்தை இலை இலையாக அவர் வரையவில்லை.

ஒரே தகட்டிலிருந்து இரண்டாவது தாளை எடுத்துப் பாருங்கள். எஞ்சிய மை மங்கலாகப் பதியும். தாளின் சொரசொரப்பு மூடப்படாததால் பாஸ்டல் பிடிக்கும். முதல் அச்சின் கனமான மைப்படலத்தில் அது வழுக்கிவிடும். ஆகவே முதல் அச்சைத் தொடாமல் விட்டு, இரண்டாவதில் மட்டும் வண்ணம் சேர்க்கலாம். எட்டத்து மலைக்கு வெளிறிய நீலச்சாம்பல் போதும். தொடுவானத்துக்கு அருகில் ஒட்டுத்தாள் வேண்டாம், அதன் வெட்டுவிளிம்பு கண்ணை அங்கேயே நிறுத்திவிடும். காட்சி இடவலம் மாறித்தான் பதியும் என்பதையும் தகட்டில் துடைக்கும்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஈரப் பஞ்சுச் சோதனையில் என் மை உடனே கறையேறியது. நேற்று இரண்டாவது அச்சு ஒன்றை எடுத்து, பாஸ்டலால் நீர்நிலையில் ஒரே ஒரு வெளிச்சக் கீற்றை மட்டும் வைத்தேன். ஒட்டுவதற்காக வெட்டிவைத்திருந்த தாள் துண்டுகள் மேசையிலேயே கிடக்கின்றன.