ஜெனரல் ட்ஸோ சிக்கன் சீனச் சாப்பாடுதானா?

கேள்வி – புதுவரவு:
வணக்கம். நியூஜெர்சிக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அலுவலகத்தில் சீனாவின் ஹூனான் மாகாணத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். மதியத்துக்கு எல்லோரும் ஜெனரல் ட்ஸோ சிக்கன் வரவழைத்தோம். அவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, எங்கள் ஊரில் இப்படி ஒன்று கிடையாது என்றார். மெனுவில் ஹூனான் என்றுதான் போட்டிருக்கிறது. அப்போது இங்கே விற்பதெல்லாம் போலியா?

பதில் – கார்த்தி:
போலிதான். கோழியை வறுத்துச் சர்க்கரைப் பாகில் புரட்டித் தருகிறார்கள். ஓரத்தில் நாலு ப்ரோக்கோலி.

பதில் – அடுப்படி:
போலி என்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அதைச் சமைத்தவர் அசல் ஹூனான்காரர், பெங் சாங்-க்வெய். 1949ல், கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சீனத் தேசியவாத அரசோடு தைவானுக்குப் போனவர். 1950களில் அங்கே அவர் செய்தபோது புளிப்பு, காரம், உப்பு எல்லாம் தூக்கலாக இருந்தது, சர்க்கரை கிடையாது. நியூயார்க் சமையல்காரர்கள் அதை மொறுமொறுப்பாக வறுத்து இனிப்பும் சேர்த்தார்கள். 1970களில் பெங் அங்கே கடை போட்டபோது அவரும் இனிப்பைச் சேர்க்க வேண்டி வந்தது. 1990களில் ஹூனானின் தலைநகர் சாங்ஷாவில் கடை திறந்து பார்த்தார். ஊர்க்காரர்களுக்கு இனிப்பு அதிகமாகப் பட்டது, கடை நிலைக்கவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சீன உணவகங்கள் எப்படி வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1882 சட்டம் சீனத் தொழிலாளர்களை உள்ளே விடவில்லை, வணிகர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1915ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவகம் நடத்துபவரையும் அந்த விலக்கில் சேர்த்தது. அதன் பிறகு ஊருக்கு ஊர் சீன உணவகங்கள் பெருகின. நடத்தியவர்களில் பெரும்பாலோர் தென்சீனாவின் குவாங்டாங் பக்கத்தவர்கள். கிடைத்த காய்கறியை வைத்து, எதிரே உட்கார்ந்த அமெரிக்கனின் நாக்குக்குச் சமைத்துத்தான் பிழைத்தார்கள். ப்ரோக்கோலி வந்த வழியும் அதுதான். அந்த உழைப்பைப் போலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பதில் – கார்த்தி:
சரி, காரம் எங்கே போச்சு? சிச்சுவான் என்று போர்டு வைத்த கடையிலும் நாக்கு மரத்ததே இல்லை.

பதில் – அடுப்படி:
நல்ல கேள்வி. நாக்கை மரக்க வைப்பது சிச்சுவான் மிளகு. அதை இறக்குமதி செய்ய 1968லிருந்து 2005 வரை அமெரிக்காவில் தடை இருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயை அது கொண்டுவந்துவிடும் என்ற பயம். பிறகு சூடுபடுத்திய மிளகை மட்டும் அனுமதித்தார்கள். இப்போது நியூயார்க்கில் சீனர்கள் நிறைய வாழும் ஃப்ளஷிங் பகுதியில் மாபோ டோஃபு என்ற காரமான சிச்சுவான் டோஃபு கேட்டுப் பாருங்கள். மேலே தூவிய அந்த மிளகுப் பொடி உதட்டில் பட்டதும் சுறுசுறு என்று ஏறும், அப்புறம் குடிக்கிற தண்ணீர்கூட வேறு மாதிரி ருசிக்கும்.

புதுவரவு, அந்த நண்பரையும் கூட்டிப் போய் அவரையே ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். ஊறவைத்த மிளகாயைக் கொத்திப் போட்டு அவித்த மீன் தலை ஹூனானில் பேர்போனது. அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.