பின்பக்கப் பட்டறைக்கு மண்ணுக்கடியில் கரண்ட் இழுக்கணும், எந்த கேபிள்?

கேள்வி: வீட்டிலிருந்து பட்டறை 40 மீட்டர். லைட், ஃபேன், ஒரு வெல்டிங் மெஷின், அவ்வளவுதான். மீதி கிடக்கிற 2.5 சதுர மி.மீ. ஒயரை பிவிசி பைப்பில் விட்டுப் புதைத்தால் போதுமா?

பதில் 1: வேண்டாங்க. போக வர 80 மீட்டர் செம்பு, 20 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 12 வோல்ட் காணாமல் போகும், வெல்டிங் பிடிக்கும்போதெல்லாம் லைட் மங்கும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 5 வோல்ட்தான். ஆர்மர்டு கேபிளாகவே (உள்ளே இரும்புக் கம்பிக் கவசம் சுற்றியது) வாங்குங்கள்.

பதில் 2: மேலே சொன்னது சரி. ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், நான் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு அடுத்த வருஷமே வாழைக்கன்று வைக்கப் போய் கடப்பாரையால் குத்தினேன், நல்லவேளை மெயின் ஆஃப். இரண்டரை அடியாவது தோண்டி, கீழே மணல், கேபிள், மறுபடி மணல், அதன்மேல் செங்கல், பாதி மூடியதும் எச்சரிக்கை டேப். மூடுவதற்கு முன் அளவோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, 6தான். எர்த்?

பதில் 1: எர்த் கம்பி கட்டாயம், ஆர்மரையும் எர்த்தில் சேருங்கள். பட்டறையில் தனி மெயின் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்). இணைப்பை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், குழியை நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.