கை மரத்துப்போகாமல் சைக்கிள் ஓட்ட: டயரா, ஃப்ரேமா?

தூரவழி:
வணக்கம். கரடுமுரடான தார்ச்சாலையில் ஓட்டும்போது ஹேண்டில்பார் ஓயாமல் நடுங்குகிறது. ஒரு மணி நேரம் தாண்டினால் கை மரத்துப்போகிறது, இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. அலுமினிய ஃப்ரேம், 25 மி.மீ. டயர், இரண்டு சக்கரத்திலும் 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று. என் எடை 70 கிலோ. கார்பன் ஃப்ரேம் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது சரியான முடிவா?

மெல்காற்று:
ஃப்ரேமை இப்போது தொடவே வேண்டாம், பம்பை எடுங்கள். உங்கள் எடைக்கு 100 மிக அதிகம். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது தாண்டக்கூடாத உச்ச வரம்பு. அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முன்னால் 75, பின்னால் 85 வைத்துப் பாருங்கள். உடம்பின் பாரம் பின்சக்கரத்தில்தான் அதிகம் இறங்குகிறது, அதனால் இரண்டுக்கும் ஒரே அளவு அடிப்பதில் பொருளே இல்லை. சைக்கிள் நுட்பம் பற்றி எழுதிய ஃபிராங்க் பெர்டோ சொன்ன ஒரு கணக்கு இன்றும் உதவுகிறது: நாம் ஏறி உட்கார்ந்தால் டயரின் உயரம் 15 சதவீதம் போல அமுங்க வேண்டும். 25 மி.மீ. டயரில் அது கிட்டத்தட்ட 4 மி.மீ. நல்ல அலுமினிய ஃப்ரேமோ கார்பன் ஃப்ரேமோ, செங்குத்தாக அவ்வளவு தூரம் வளைந்து கொடுக்காது. முக்கோணமாகக் கட்டிய சட்டம் அப்படித்தான் இருக்கும்.

எஃகுச்சட்டம்:
எல்லா வலிக்கும் காற்றைக் குறை என்ற ஒரே மருந்தா? 25 மி.மீ. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு குழியில் டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ரிம்மும் நெளியலாம். வளைவில் டயர் பக்கவாட்டில் அசைவதும் தெரியும். ஃப்ரேம் வளையாது என்பதோடு பேச்சை முடித்துவிட முடியாது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டும் ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டவை, அவை வளைகின்றன. மெல்லிய, முன்னோக்கி வளைந்த எஃகு ஃபோர்க்கில் ஓட்டிவிட்டு, தடித்த அலுமினிய ஃபோர்க்கில் ஏறிப் பாருங்கள், கைக்கே தெரியும். தூரவழி, உங்கள் சீட் போஸ்ட்டின் விட்டம் என்ன?

மெல்காற்று:
நசுங்கிப் பஞ்சர் ஆவது உண்மைதான். அதனால்தான் அகலமான டயர் போடச் சொல்வேன். 32 மி.மீ. டயரை 60 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தாலும் ரிம் தரையைத் தொடாது. உள்ளே இடம் அதிகம். அகலம் கூடினால் தேவையான அழுத்தம் தானாகக் குறைகிறது. ஒரே அழுத்தத்தில் அகலமான டயரின் உறை (ரப்பருக்கு அடியில் உள்ள துணி) அதிகமாக இழுபடும். குறுகிய டயரின் அழுத்தத்தையே அதிலும் வைத்தால் கல்லாகத்தான் இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்து, அகல டயரால் ஒரு பயனும் இல்லை என்கிறார்கள்.

டயரின் உறையையும் பாருங்கள். பஞ்சர் தடுப்புக்காகத் தடித்த ரப்பர் போட்ட டயர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் விறைப்பாகவே உருளும். மெல்லிய, நெகிழ்வான உறை உள்ளது சாலையின் பொடிக்கல்லைக்கூட விழுங்கிவிடும்.

வேகவிரும்பி:
அப்படிச் செய்தால் வேகம் போய்விடுமே. கெட்டியாகக் காற்று அடித்தால்தான் சைக்கிள் பறக்கிறது. எந்த ஆய்வுக்கூடத்தில் அளந்தாலும் அழுத்தம் கூடக் கூட உருளும் தடை குறைகிறது.

மெல்காற்று:
வழவழப்பான இரும்பு உருளையில் அளந்தால் அப்படித்தான் வரும். சாலை உருளை மாதிரி இல்லை. ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் ஒவ்வொரு சிறு மேட்டிலும் சைக்கிளும் உங்கள் உடம்பும் சேர்ந்து குதிக்கின்றன. அந்தக் குலுக்கலைத் தசையும் சதையும் வாங்கி வெப்பமாக்குகின்றன. அதற்குச் செலவாவது நீங்கள் மிதித்த சக்தி. தொழில்முறைப் பந்தயக்காரர்கள் ஒருகாலத்தில் 23 மி.மீ. தவிர வேறெதையும் பார்க்காதவர்கள். இன்று அவர்கள் 28, 30 என்று போனது சொகுசுக்காக மட்டும் இல்லை.

இன்னும் பின்னால் போனால், 1888ல் ஜான் டன்லப் காற்று டயரைச் செய்ததே தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று ஆடியதற்காகத்தான். அடுத்த ஆண்டே வில்லி ஹ்யூம் பெல்ஃபாஸ்டில் அதே டயரைப் போட்டுப் பந்தயங்களில் ஜெயித்தார். சொகுசும் வேகமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன.

எஃகுச்சட்டம்:
பந்தயக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நானும் கூப்பிடுவேன். கல் பதித்த சாலையில் ஓடும் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் 1992லும் 1993லும் ழில்பேர் டியூக்லோ-லசால் ஸ்பிரிங் போல அமுங்கி எழும் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்து ஃபோர்க்கில் ஜெயித்தார். டயர் மட்டும் போதுமென்றால் அந்தப் பாரத்தை எதற்குச் சுமந்தார்? இப்போதும் கைப்பிடிக்குக் கீழே 20 மி.மீ. அசையும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்கள் விற்பனையில் இருக்கின்றன. டயர் விழுங்குவது சிறு நடுக்கம். அமுங்குவதற்கு உள்ள சில மில்லிமீட்டர் தீர்ந்ததும் பெரிய அடி நேராக மேலே வரும், அதைத் தாங்க வேறொன்று வேண்டும்.

சீட் போஸ்ட் கணக்கைச் சொல்கிறேன். ஒரே தடிமன் உள்ள குழாயாக இருந்தால் 27.2 மி.மீ. போஸ்ட், 31.6 மி.மீ. போஸ்ட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் வளையும். ஃப்ரேமுக்கு மேலே நீட்டியிருக்கும் நீளம் அதைவிட முக்கியம். நீளம் 10 செ.மீ. என்பது 15 ஆனால் வளைவு மூன்று மடங்குக்கு மேல். ஃப்ரேமின் மேல்குழாய் சரிந்திருந்தால் போஸ்ட் அதிகமாக வெளியே நிற்கும், இடுப்புக்கு அது பெரிய ஆறுதல். முழு ஃப்ரேமை மாற்றுவதற்குப் பதில் கார்பன் போஸ்ட் ஒன்று போடலாம். ஆனால் நட்டை இறுக்க, எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச் கட்டாயம் வேண்டும். கார்பனை அளவு தெரியாமல் இறுக்கினால் விரிசல் விடும்.

மெல்காற்று:
1992ல் அவர்கள் போட்ட டயரையும் இன்று அதே பந்தயத்தில் போடும் டயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று 30, 32, அதற்கு மேலும் போடுகிறார்கள். பெரும்பாலானோர் ஸ்பிரிங் ஃபோர்க் இல்லாமலே ஓட்டுகிறார்கள். சீட் போஸ்ட் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் இவருக்கு மரத்துப்போவது கை. போஸ்ட் கைக்கு என்ன செய்யும்?

மணிக்கட்டு:
அந்தக் கேள்வி நல்ல கேள்வி. டயரையும் ஃப்ரேமையும் பற்றி இவ்வளவு பேசினோம், ஓட்டுபவரின் உடம்பை யாரும் கேட்கவில்லை. தூரவழி, எந்த விரல் மரத்துப்போகிறது? சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் போகும் அல்நார் நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. சாலையின் நடுக்கம் இதை மோசமாக்கும், ஆனால் பாரம் கையில் விழுவதுதான் பெரும்பாலும் மூல காரணம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே வழுக்கிக் கையில் வந்து நிற்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் அதே கதை.

இறுகப் பிடிப்பதையும் விடுங்கள். பிடி எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு நடுக்கம் கைக்குள் ஏறும். முழங்கையைச் சற்று மடக்கி வையுங்கள். மோசமான இடம் வரும்போது பெடலில் பாரத்தை இறக்கி சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்தால் முழங்காலே ஸ்பிரிங் வேலையைச் செய்யும். அடிக்கடி பிடியின் இடத்தை மாற்றுங்கள். ஓட்டி முடித்து இறங்கிய பிறகும் மரத்தது நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அதைச் சைக்கிள் கடையில் தீர்க்க முடியாது.

எஃகுச்சட்டம்:
இதோடு ஒத்துப்போகிறேன். ஹேண்டில்பாருக்கு இரண்டு சுற்று டேப் போடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு. ஆனால் ஜெல் கையுறை தடித்துப்போனால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும்.

தூரவழி:
அனைவருக்கும் நன்றி. மரத்துப்போவது சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான். சீட்டின் மூக்கு கண்ணுக்கே தெரியும்படி கீழே சாய்ந்திருக்கிறது. போஸ்ட் 31.6. எஃகுச்சட்டம் அண்ணா சொன்ன கார்பன் போஸ்ட்டை அந்த அளவில் வாங்கினால் பயன் இருக்குமா? இன்னொன்று, 32 மி.மீ. டயர் என் ஃப்ரேமில் நுழையுமா என்று எப்படிப் பார்ப்பது?

எஃகுச்சட்டம்:
31.6க்குள் 27.2 போஸ்ட்டைப் பொருத்த, இடைவெளியை நிரப்பும் ஷிம் என்ற வளையக் குழாய் கிடைக்கிறது, தம்பி. அதைப் போட்டு மெல்லிய போஸ்ட் வாங்குங்கள். என் கருத்தில் இடுப்புக்கு டயரைவிட இதுதான் முதலில்.

மெல்காற்று:
முதலில் டயர்தான் என்பதில் நான் நிற்கிறேன். அதற்கும் முன்னால் இன்றைக்கே சீட்டை மட்டமாக்குங்கள், காற்றை 75, 85க்கு இறக்குங்கள். ஒரே சாலையில், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். பிறகு 5 பி.எஸ்.ஐ. குறைத்து மறுபடி பாருங்கள். வளைவில் வண்டி நெளிந்தாலோ குழியில் ரிம் தட்டினாலோ ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

டயர் இடத்துக்கு, இப்போதுள்ள டயரின் இரண்டு பக்கமும் ஃபோர்க் வரைக்கும், பின்னால் ஃப்ரேம் வரைக்கும், மேலே பிரேக் வரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். 32 போட்டால் பக்கத்துக்கு மூன்றரை மி.மீ., மேலே ஏறக்குறைய 7 மி.மீ. குறையும். அகலமான ரிம்மில் டயர் இன்னும் விரியும். சேறும் கல்லும் மாட்டாமல் இருக்க மிச்சம் 4 மி.மீ.யாவது வேண்டும். ரிம் பிரேக் சைக்கிளில் முன் பிரேக்கின் அடியில்தான் முதலில் இடிக்கும், அங்கே தொடங்கி அளந்து போடுங்கள்.