.22 பிஸ்டலை கழட்டி துடைச்சு மாட்டினேன், இப்ப போல்ட் பாதியிலயே நிக்குது

அஸ்தம்பட்டி அரைக்கிறுக்கன்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். மாமா 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில சுட்டுக்கிட்டிருந்த ரூகர் கம்பெனி மார்க் 2, .22 எல்ஆர் குண்டு போடுற பிஸ்டல், அவரு சுடறத விட்டதுக்கப்புறம் லைசென்ஸ் என் பேருக்கு மாறி போன வருஷம்தான் கைக்கு வந்துச்சு. இத்தனை நாளா மேலாப்ல துடைச்சு எண்ணெய் போட்டு வச்சுட்டு இருந்தேன், போன மாசம் பிராக்டிஸ்ல சுட்ட குண்டோட காலி கேஸ் (கூடு) வெளிய வராம ரெண்டு மூணு தடவை மாட்டிக்கிச்சு, சரி முழுசா ஒருக்கா கழட்டி துடைச்சுருவோம்னு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். கழட்டுறது கால் மணி நேரம் கூட ஆகலைங்க. மேகசின் எடுத்து சேம்பர் (குண்டு உக்காருற அறை) காலியான்னு ரெண்டு தடவை பாத்து, பிடிக்கு பின்னாடி இருக்கிற மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கை (ஹேமருக்கு பலம் குடுக்கிற ஸ்பிரிங் இருக்கிற கூடு) நெம்பி தொறந்து கீழ இழுத்து, போல்ட்டை (சேம்பரை பின்னாடி இருந்து மூடுற, முன்னும் பின்னும் ஓடுற இரும்புத் துண்டு) பின்னாடி உருவுனேன். அத்தோட விட்டிருக்கலாம், வீடியோவுல ஒருத்தர் ஃபயரிங் பின்னையும் (குண்டுல குத்தி வெடிக்க வைக்கிற ஊசி) எடுத்து துடைச்சாரு, நானும் எடுத்தேன்.

மாட்டுறப்பதான் ஆரம்பிச்சுது. எல்லாம் உள்ள போயிருச்சு, ஹவுசிங்கும் வெண்ணெய் மாதிரி மூடிக்கிச்சு, ஆனா போல்ட்டை பின்னாடி இழுத்தா பாதி தூரம் வந்து டக்குனு நிக்குது. ட்ரிகரை நாலஞ்சு தடவை அழுத்தியும் பாத்துட்டேன், ஹேமர் (ஃபயரிங் பின்னை அடிக்கிற சுத்தி) அடிக்கிற சத்தமே இல்ல. பலமா இழுத்துப் பாக்கட்டுமா? மாமாகிட்ட சொன்னா கிழிச்சுருவாரு.

சூரமங்கலம் சிக்ஸ் ஓ கிளாக்:

பலமா இழுக்காத தம்பி, மொதல்ல கைய எடு. ஒண்ணும் உடையல, மாட்டினதுதான் தப்பு. இந்த பிஸ்டல் வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும், 1949-ல அந்தக் கம்பெனி போட்ட மொத துப்பாக்கியே இந்த அமைப்புதான், நீ வச்சிருக்கிற மார்க் 2 1982-ல வந்தது, 2016-ல மார்க் 4 வந்து ஒரு பட்டன்ல தொறக்கிற மாதிரி ஆகுற வரைக்கும் எல்லாரும் இப்படித்தான் மல்லுக்கட்டினோம்.

“வெண்ணெய் மாதிரி மூடிக்கிச்சு”ன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் விஷயமே. ஹவுசிங் மூடுறப்ப கடைசி கொஞ்ச தூரம் ஸ்பிரிங் எதிர்த்து தள்ளணும், கை நல்லா அழுத்தித்தான் மூடணும். தள்ளலைன்னா ஹேமருக்கு அடியில தொங்குதே கம்பி மாதிரி ஒரு துண்டு, ஹேமர் ஸ்ட்ரட், அது ஸ்பிரிங் மேல இருக்கிற குழியில உக்காரல, குறுக்க இருக்கிற பின்ல எங்கயோ சிக்கி நிக்குதுன்னு அர்த்தம். ஸ்ட்ரட் சிக்கிட்டா ஹேமர் பின்னாடி மடங்காது, ஹேமர் மடங்காம போல்ட் எப்படி பின்னாடி வரும்?

மறுபடி ஹவுசிங்கை தொற. போல்ட் உள்ளயே இருக்கட்டும். பிஸ்டல் முனையை கீழ சாய்ச்சு ட்ரிகரை அழுத்து, ஹேமர் முன்னாடி விழுந்து போல்ட்ல படணும். ஹேமர் பின்னாடியே கிடந்தா ஸ்ட்ரட் கீழ எறங்கி நிக்கும், அப்ப நீ மூடுறப்ப முழு ஸ்பிரிங்கையும் கையால அமுக்குற மாதிரி ஆயிரும், மூடாது. ஹேமர் முன்னாடி போனதும் ஹவுசிங்கோட மேல் முனையில நீட்டிக்கிட்டு இருக்கிற பின்னை கீழ இருந்து மேல தள்ளி ரிசீவருக்கு (போல்ட் ஓடுற மேல் குழாய்) மேல தலை தெரியுற வரைக்கும் ஏத்து. இப்ப முனையை மேல பாக்க நிமித்து, ஸ்ட்ரட் தானா பின்னாடி ஹவுசிங் பக்கம் தொங்கும். பாதி மூடிக்கிட்டே செல்போன் டார்ச் அடிச்சு இடுக்குல பாரு, ஸ்ட்ரட் நுனி குழியில உக்காந்தது கண்ணுல பட்டாத்தான் முழுசா மூடணும். அவ்வளவுதான். எனக்கு மொத தடவை ரெண்டரை மணி நேரம் ஆச்சு, சாப்பிடக்கூட எந்திரிக்கல.

மார்க் 3 வச்சிருக்கிறவங்க யாராச்சும் படிச்சா: உங்களுதுல மேகசின் உள்ள இல்லாம ட்ரிகர் ஹேமரை விடாது, அதனால அந்த எடத்துல காலி மேகசினை போட்டு அழுத்திட்டு மறுபடி எடுக்கணும். காலியான்னு அப்பவும் பாருங்க.

சேர்வராயன் காபி:

சிக்ஸ் ஓ கிளாக் அண்ணன் சொன்னதுதான் வழி. நான் மேல ஏற்காட்டுல இருக்கேங்க, நம்ம பிரச்சனை வேற. மழை மாசத்துல மூடுபனி வீட்டுக்குள்ளயே வரும், ஒரு வாரம் தொடாம விட்டா போல்ட்ல பழுப்பா படியும். மொதல்ல பஞ்சு வச்ச பெட்டியில வச்சிருந்தேன், பஞ்சு ஈரத்தை இழுத்து வச்சுக்குது, இப்ப சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட இரும்புப் பெட்டியில பூட்டி வைக்கிறேன். இன்னொண்ணு, குளுருல இருந்து 20 கொண்டை ஊசி எறங்கி சேலம் வந்து உடனே பெட்டியை தொறந்தா இரும்பு மேல வேர்த்துப் போயிரும். அரை மணி நேரம் மூடியே வச்சுட்டு அப்புறம் தொறக்கணும்.

எண்ணெய் விஷயத்துல மட்டும் சேலத்துக்காரங்க கை தாராளம். .22 குண்டு மேல மெழுகு இருக்கு, அது கரி, எரியாத மருந்தோட சேர்ந்து ஏற்கெனவே பசை மாதிரிதான் கிடக்கும், அதுமேல எண்ணெயை ஊத்துனா களிம்பாயிரும். கேஸ் மாட்டுதுன்னு எழுதியிருந்தீங்க, காலி கேஸை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில பாத்தீங்களா? பல் குத்துற குச்சியால நோண்டுனா கறுப்பா கட்டி கட்டியா வரும். பாதி நேரம் கோளாறு அதுதான். துடைச்சதுக்கப்புறம் ஒரு சொட்டு லேசான எண்ணெய் போதும். எங்க தாத்தா காலத்துல தேங்காய் எண்ணெய் போட்டு, அது பிசினாகி ஒரு நல்ல ரைஃபிள் போல்ட்டே நகராம போச்சு.

கொலுசுப் பட்டறை:

நான் புதுசு, கேள்வி கேக்கலாமான்னு தெரியல. பேரலை எந்தப் பக்கம் இருந்து துடைக்கிறது? ரிசீவரை பிடியில இருந்து பிரிக்கணுமா?

அப்புறம் ஒண்ணு, செவ்வாய்ப்பேட்டையில எங்க பட்டறையில சலங்கை மணி உருளாம இருக்க விளிம்பு வச்ச தட்டுல வெள்ளைத்துணி விரிச்சு வேலை பாப்போம், கழட்டுற சாமானை அதுல வரிசையா வச்சா தொலையாதுங்க.

சூரமங்கலம் சிக்ஸ் ஓ கிளாக்:

தாராளமா கேளுங்க. போல்ட்டை எடுத்துட்டா பின்னாடி இருந்தே துடைக்கிற ராடு விடலாம், முனைப்பக்கம் இருந்து விட்டா வாய் ஓரம் தேயும், அது தேஞ்சா குண்டு ஒரே எடத்துல விழாம குரூப் சிதறும். சாதாரண துடைப்புக்கு ரிசீவரை பிரிக்கவே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். பேரலை பளபளன்னு ஆக்கணும்னும் அவசியமில்ல, துடைச்சு முடிச்சதும் மொத சில குண்டு எங்கயாச்சும் போகும், அதனால மேட்சுக்கு மொத நாள் நான் பேரலைத் தொடவே மாட்டேன். சீர் (ஹேமரை பிடிச்சு நிறுத்துற துண்டு), ட்ரிகர் பக்கம் கைய வைக்காதீங்க, 25 மீட்டர்ல 1000 கிராம் எடையை ட்ரிகர் தாங்கணும், நோண்டி லேசாக்கிட்டு செக்கிங்ல அந்த எடையைத் தாங்காம போயி வெளிய நின்ன ஆளை பாத்திருக்கேன். வேலை முடிஞ்சதும் கையை சோப்பு போட்டு கழுவிட்டு வாயில எதையாச்சும் போடுங்க, எல்லாம் ஈயம்.

தட்டுன்னதும் ஞாபகம் வருது. அரைக்கிறுக்கா, ஃபயரிங் பின்னை எடுத்தேன்னியே, போல்ட்டுக்கு குறுக்க போற குட்டி பின் ஒண்ணு இருக்கும், ஃபயரிங் பின் ஸ்டாப், அதை திரும்ப போட்டியா? போடாம ட்ரிகர் அழுத்துனா ஃபயரிங் பின் நேரா சேம்பர் விளிம்புல அடிச்சு பள்ளம் விழுத்திரும், அப்புறம் கேஸ் வெளிய வரவே வராது.

அஸ்தம்பட்டி அரைக்கிறுக்கன்:

அண்ணா, வயித்துல புளியக் கரைச்சுட்டீங்க. போய் பாத்தா பழைய டூத் பிரஷ் போட்டு வச்ச டப்பாவுல கிடக்குது அந்தப் பின்!

சூரமங்கலம் சிக்ஸ் ஓ கிளாக்:

நாலஞ்சு தடவை அழுத்துனேன்னு சொன்ன இல்ல? ஸ்ட்ரட் சிக்குனதால ஹேமருக்கு ஸ்பிரிங் பலமே கிடைக்கல, அதான் சத்தமும் வரல. தப்பா மாட்டினதுதான் உன் சேம்பரை காப்பாத்துச்சு. இருந்தாலும் டார்ச் அடிச்சு விளிம்புல புதுசா பள்ளம் இருக்கான்னு பாத்துக்க.

அஸ்தம்பட்டி அரைக்கிறுக்கன்:

பாத்துட்டேன், விளிம்பு சுத்தமா இருக்கு. பின்னை போட்டு மூணாவது முயற்சியில ஸ்ட்ரட் உக்காந்துச்சு, மூடுறப்ப கட்டை விரல் செவந்து போச்சு, அப்ப சரின்னு தெரிஞ்சுக்கிட்டேன். போல்ட் கடைசி வரைக்கும் வருது, காக் ஆனா (ஹேமர் பின்னாடி மடங்கி நின்னா) மட்டும்தான் சேஃப்டி ஏறுது, அது சரிதானே? எக்ஸ்ட்ராக்டர் அடியில இருந்து மிளகு சைஸுக்கு ஒரு கட்டி வந்துச்சு காபி அண்ணா. மாமாகிட்ட இன்னும் சொல்லல.

சூரமங்கலம் சிக்ஸ் ஓ கிளாக்:

சரிதான், காக் ஆகாம ஏறாது. மாமாவுக்கும் இது ஒரு தடவை நடந்திருக்கும், கேட்டுப் பாரு.