லூப்பேக் சரி, சென்சார் மட்டும் குப்பை: சீரியல் போர்ட் அனுபவங்கள்

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை நிற்கும் ஓர் இடத்தில் காற்றின் வேகத்தைப் பதிவு செய்ய ஒரு சின்ன லினக்ஸ் போர்டு வைத்தோம். சென்சார் சீரியல் போர்ட் வழியாக, அதாவது பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தும் இணைப்பில், விநாடிக்கு ஒரு வரியை 9600 பாட் ரேட்டில் (விநாடிக்கு 9600 பிட் வேகத்தில்) அனுப்பும். எங்கள் திரையில் விழுந்ததெல்லாம் கேள்விக்குறியும் கட்டமும்தான்.

போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (வாங்கும்) பின்களை ஜம்பர் வயரால் இணைத்து, அனுப்பியது தனக்கே திரும்பி வருகிறதா என்று லூப்பேக் பார்த்தேன். அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வந்தது. சரி, கேபிளில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். ஆடிக் காற்று கணவாய் வழியே வந்து ஆளைத் தள்ளுகிறது. அந்தக் காற்றில் எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டு தடவை மேலே ஏறிக் கேபிளை மாற்றினார். இறங்கி வந்து, "மக்கா, வயர்ல ஒண்ணும் இல்ல. உன் பெட்டிய பாரு" என்றார்.

லினக்ஸின் மையமான கர்னல் வைத்திருக்கும் சீரியல் போர்ட் கணக்கைத் திறந்தேன். ஆர்எக்ஸ் எண்ணிக்கையோடு எஃப்ஈ, அதாவது ஃபிரேமிங் பிழையும் ஏறிக்கொண்டிருந்தது. பைட் வருகிறது, அதன் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ரேட்டில் சந்தேகம் வந்து 4800 வைத்ததும் வரிகள் தெளிவாக வந்தன!

போர்டை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் மாட்டினேன். திரும்பவும் 9600 வைத்து ஆங்கில 'யூ' எழுத்தை விடாமல் அனுப்பினேன். ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், அது 55. பிட்டுகள் ஒன்று விட்டு ஒன்று மாறுவதால் சீப்புப் பல் மாதிரி சீரான அலை வரும். ஒரு பல்லின், அதாவது ஒரு பிட்டின், அகலம் 104 மைக்ரோவிநாடி இருக்க வேண்டும். இருந்தது 52.

அப்புறம் காரணம் சீக்கிரம் பிடிபட்டது. சீரியல் போர்ட்டை ஓட்டும் யூஆர்ட் சில்லுப் பகுதிக்கு வரும் கிளாக் துடிப்பு 48 மெகாஹெர்ட்ஸ். பழைய போர்டிலிருந்து எடுத்துப் போட்ட டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) 24 என்று இருந்தது. போர்ட்டை இயக்கும் டிரைவர் நிரல் அந்த எண்ணை பாட் ரேட்டின் 16 மடங்கால் வகுத்து, கிளாக்கை வகுக்கும் எண்ணான டிவைசரை 156 என்று வைத்தது. உண்மையான கிளாக் இரண்டு மடங்கு என்பதால் போர்ட் 19200 பக்கம் ஓடியது; 4800 வைத்தபோது 9600 பக்கம் வந்தது. லூப்பேக்கில் அனுப்புவதும் வாங்குவதும் அதே தப்பான வேகம் என்பதால் எதுவும் தெரியவில்லை. 4800-லேயே விட்டுவிடலாம் என்று டீமில் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. நாளைக்கு வேறொருவர் டிவைஸ் ட்ரீயைத் திருத்தினால் சென்சார் மறுபடி ஊமையாகிவிடும்.

குலசேகரத்திலிருந்து இன்னொருவர்:

அண்ணா, எனக்கும் சீரியல் போர்ட்டில் ஒரு கோளாறு ரப்பர் பால் எடை போடும் இடத்தில் நடந்தது. தராசு 23.45 என்று காட்டும், போர்டில் 2.5 என்று வரும். பால் கொண்டுவந்தவர்கள் எடை போடுகிற அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டார்கள். பார்த்தால், கர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில், கணினியின் செய்திகள் வரும் கன்சோல் தராசு மாட்டிய அதே போர்ட்டில் இருந்தது. அதனால் லாகின் கேட்கும் 'கெட்டி' (getty) என்ற நிரலும் அங்கேயே உட்கார்ந்து, பாதி எழுத்துகளை அது வாங்கிக்கொண்டிருந்தது. கன்சோலை வேறு போர்ட்டுக்கு மாற்றி, கெட்டியை நிறுத்தியதும் எடை முழுசாக வந்தது. அன்று சாயங்காலமே அந்த அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.